கரை பிளக்கைக் கழற்றியாச்சு

இங்கிலாந்தின் கால்வாய்களில் ஓடும் நேரோபோட் ஏழடிக்கும் சற்றுக் குறைந்த அகலம்தான். நீளம் மட்டும் எழுபது அடி வரை போகும். இரும்பு உடம்பு, உள்ளே கட்டில், அடுப்பு, குளியலறை. அதிலேயே குடியிருப்பவர்கள் நிறைய. நான் சில வருஷமாக இந்தப் படகுகளுக்கு வயரிங் வேலை பார்க்கிறேன்.

வீட்டில் ஒரே மின்சாரம். படகில் இரண்டு. விளக்கு, தண்ணீர் பம்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரியில். படகுத்துறையில் கட்டிவிட்டால் கரையிலிருந்து நீல நிற 16 ஆம்ப் பிளக் வழியாக 230 வோல்ட். இங்கே படகுத்துறைக்கு மரினா என்று பெயர், சுண்டல் கிடைக்காது.

ஒரு பெரியவர் கூப்பிட்டார். படுக்கை அருகே 12 வோல்ட் ரீடிங் லைட் ஒன்று வைக்க வேண்டும், அவ்வளவுதான். "கரை பிளக்கைக் கழற்றியாச்சு, தைரியமா வேலை பாருங்க" என்றார். பலகையைத் திறந்தேன். உள்ளே ஒரு பெட்டி, அதில் இரண்டு ஜோடி வயர். இரண்டுமே சிவப்பு, கறுப்பு.

12 வோல்ட்டில் சிவப்பு பாசிட்டிவ், கறுப்பு நெகட்டிவ். பிரிட்டனின் பழைய 230 வோல்ட் வயரிங்கிலும் சிவப்பு பேஸ், கறுப்பு நியூட்ரல். பழுப்பும் நீலமும் வந்தது 2004-க்கு அப்புறம். இந்தப் படகு அதற்கு ரொம்ப முந்தியது.

அம்பத்தூரில் எனக்குத் தொழில் பழக்கிய அண்ணன், கையை வைக்கிறதுக்கு முன்னாடி டெஸ்டரை வைடா என்பார். வைத்தேன். ஒரு ஜோடியில் சிவப்பிலும் மங்கலாக எரிந்தது, கறுப்பிலும் மங்கலாக எரிந்தது. நியூட்ரலில் எப்படி எரியும்? மீட்டரை எடுத்து இரண்டுக்கும் நடுவே வைத்தால் 230.

கரை பிளக் கழன்றுதான் கிடந்தது. பெரியவர் பொய் சொல்லவில்லை. சோபாவுக்கு அடியில் இன்வெர்ட்டர் ஓடிக்கொண்டிருந்தது. 12 வோல்ட்டை வாங்கி 230 ஆக்கி அதே பிளக் பாயிண்டுகளுக்குக் கொடுப்பதுதான் அதன் வேலை. அவர் மனசில் ஆபத்து என்றால் கரையிலிருந்து வருவது. பேட்டரி என்றால் சாது. அந்தச் சாது பேட்டரியின் இரண்டு முனையில் ஒரு ஸ்பேனர் விழுந்தால் வெல்டிங் பட்டறை ஆகிவிடும் என்பது வேறு விஷயம்.

அந்த இன்வெர்ட்டரில் நியூட்ரலை எர்த்தோடு சேர்க்கவே இல்லை. டெஸ்டர் இரண்டு பக்கமும் எரிந்தது அதனால்தான். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்சுக்கு ஆர்சிடி என்று பெயர். இங்கே எங்கேயாவது கசிந்தால்கூட அது கண்டுபிடித்து விழாது.

லைட் வேலையை நிறுத்திவிட்டு மற்றதைப் பார்க்க ஆரம்பித்தேன். கரை வயர் வந்து சேரும் இடத்தில் பச்சை மஞ்சள் வயரை யாரோ வெட்டி, டேப் சுற்றி, ஓரமாக மடக்கி வைத்திருந்தார்கள். எர்த்!

"அதை வெட்டினாத்தான் படகு துருப்பிடிக்காதுன்னு சொன்னாங்க" என்றார் பெரியவர். சொன்னவருக்குப் பாதி தெரிந்திருக்கிறது. துறையில் நிற்கும் படகுகளெல்லாம் கரை எர்த் வழியாக ஒன்றோடொன்று இணைந்துவிடும். நடுவே தண்ணீர். படகின் இரும்புக்குப் பதிலாகத் தான் அரிபட்டுத் தேயும் உலோகக் கட்டிதான் ஆனோடு. பக்கத்துப் படகின் மெக்னீசியம் ஆனோடு கரைந்து தீர்ந்திருந்தால், நம்முடைய ஆனோடு அவருடைய இரும்பையும் சேர்த்துக் காப்பாற்றித் தேயும். ஊரான் கடனுக்கு நாம் வட்டி கட்டுகிற கதை. நம்முடையதும் தீர்ந்த பிறகு படகின் அடித்தகடுதான்.

அதற்காக எர்த்தை வெட்டினால், கெட்டிலில் ஒரு பழுது வந்ததும் படகின் உடம்பு முழுக்கக் கரண்ட் ஏறி நிற்கும். ஒரு கால் படகில், ஒரு கால் கரையில் வைத்து இறங்குகிறவர் கதி? கால்வனிக் ஐசொலேட்டர் என்று ஒரு சின்னப் பெட்டி இதற்கென்றே இருக்கிறது. எர்த் வயரில் வரிசையாக வைக்க வேண்டும். உள்ளே டயோடுகள், ஒரு வோல்ட் சுமாருக்கு அரிக்கிற கரண்டைத் தடுக்கும், பழுதுக் கரண்ட் வந்தால் வழிவிடும். இன்னும் கச்சிதமாக வேண்டுமானால், கரையோடு நேரடி வயர் தொடர்பே இல்லாமல் மின்சாரம் தரும் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர்தான். ஆனால் அது கனம், விலையும் ஜாஸ்தி.

அரை மணி நேர வேலை மூன்று நாளானது. எர்த்தைச் சேர்த்து, நடுவே ஐசொலேட்டர் வைத்து, படகின் உடம்போடும் இணைத்தேன். கரையா இன்வெர்ட்டரா என்று மாற்ற, நடுவில் ஆஃப் உள்ள சுவிட்ச். பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்தே மாற்றுவது. இன்வெர்ட்டர் பக்கம் மட்டும் நியூட்ரலை எர்த்தோடு சேர்த்தேன். அதற்கப்புறம் 30 மில்லி ஆம்ப் ஆர்சிடி. 2000 வாட் இன்வெர்ட்டர் 12 வோல்ட்டில் 170 ஆம்புக்கு மேல் இழுக்கும். அந்த வயரில் ஃப்யூஸே இல்லை. பேட்டரியை ஒட்டி ஒன்று வைத்தேன். 12 வோல்ட் வயர்களைத் தனிப் பெட்டிக்கு மாற்றியதில்தான் முதுகு போனது.

பில்லைப் பார்த்துப் பெரியவர் ஐசொலேட்டர் விலைக்கு மட்டும் முகம் சுளித்தார். கிளம்பும்போது, பக்கத்துப் படகைக் காட்டி மெதுவாகச் சொன்னார்: "எர்த்தை வெட்டச் சொன்னது அவர்தான். தன் படகிலயும் வெட்டி வெச்சிருக்கார்."

டூல் பையைக் கீழே வைத்தேன்.