ஹரோ குன்றின் மரியாள் ஆலயம்

பழைய கட்டிடம் ஒன்றின் முன் நின்று, அது எந்தக் காலத்தில் கட்டப்பட்டது என்று கேட்பதைவிட, அதன் எந்தப் பகுதி எந்தக் காலத்திற்குரியது என்று கேட்க வேண்டும் என்பார் எமது கல்லூரியில் வரலாறு கற்பித்த ஆசிரியர். எம்மவர் பலர் குடியிருக்கும் வடமேற்கு லண்டனின் ஹரோவுக்கு நான் வந்து சேர்ந்த பின்னர், அங்குள்ள குன்றின் உச்சியில் நிற்கும் புனித மரியாள் பங்கு ஆலயத்தில் அந்தப் பாடத்தை மீண்டும் படித்தேன்.

11ஆம் நூற்றாண்டில் ஹரோ, இங்கிலாந்துத் திருச்சபையின் தலைவர்களான கன்ரபரிப் பேராயர்களின் நிலமாக இருந்தது. பேராயர் லான்பிராங் தொடங்கிய ஆலயத்தை, அவர் 1089இல் மறைந்தமையால், அடுத்து வந்த அன்செல்ம் 1094 ஜனவரியில் அபிஷேகம் செய்தார். தமது மறைமாவட்டத்துக்குள் இருக்கும் ஆலயத்தை அபிஷேகம் செய்யும் உரிமை தமக்கே உண்டு என்று லண்டன் ஆயர் எதிர்த்தபோது, பழைய வழக்கம் யாது என முதியவரான வூஸ்டர் ஆயர் வுல்ஸ்டனுக்கு எழுதிக் கேட்ட அன்செல்ம், தமக்குச் சார்பான மறுமொழியையே பெற்றார்.

இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது கோபுரத்தின் கீழ்ப்பகுதியாகும். தடித்த சுவரும் அரைவட்ட வளைவுகளும் அது 12ஆம் நூற்றாண்டுக்குரியது என்பதை உணர்த்துகின்றன. உள்ளே சென்றால், உருண்ட தூண்கள் கூர்வளைவுகளைத் தாங்கி நிற்கின்றன. அவை 13ஆம் நூற்றாண்டின் வேலை. 1437 முதல் 1468 வரை இங்கே பங்குத்தந்தையாக இருந்த ஜோன் பேர்க்ஹெட்டின் காலத்திலேதான் நடுமண்டபச் சுவர்கள் உயர்த்தப்பட்டு, மேல்வரிசைச் சாளரங்களும் ஓக் மரக் கூரையும் அமைந்தன. நெடுந்தொலைவிலிருந்தே கண்ணிற்படும் ஈயத்தகடு போர்த்த கூர்ங்கோபுரமும் அப்போது எழுந்ததே.

தென் இங்கிலாந்தின் பேர்பெக் பகுதிக் கல்லில் செய்யப்பட்ட 12ஆம் நூற்றாண்டின் ஞானஸ்நானத் தொட்டியை ஒரு காலத்தில் வெளியே அகற்றித் தோட்டத்தில் வைத்திருந்தார்கள் என்பது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது. நல்லவேளையாக 1846இல் அது உள்ளே திரும்பியது. அவ்வாண்டில் தொடங்கிய, கட்டடக் கலைஞர் கில்பேட் ஸ்கொட்டின் திருத்தப் பணியில், வெளிச்சுவர்கள் தீக்கல்லால் போர்த்தப்பட்டன. அந்தப் போர்வை நேர்த்தியானதுதான். ஆனால் பழைய சுவரின் முகத்தை அது எம்மிடமிருந்து மறைத்துவிட்டது.

பழைய மாணவர்களாகிய எமக்கு நெருக்கமானது வேறொன்று. 1572இல் முதலாம் எலிசபெத் அரசியிடம் சாசனம் பெற்று ஹரோ பாடசாலையை நிறுவிய ஜோன் லயன் என்ற கமக்காரர், 1592இல் இறந்து இங்கே அடக்கம் செய்யப்பட்டார். அவரையும் அவர் மனைவியையும் காட்டும் பித்தளைத் தகடு இன்றும் உண்டு. 19ஆம் நூற்றாண்டில் பாடசாலைக்கெனத் தனி ஆலயம் எழும்வரை, கவிஞர் பைரன் உட்பட அதன் மாணவர்கள் வழிபட்டதும் இங்கேதான். லயனுக்காகச் சிற்பி பிளாக்ஸ்மன் வடித்த சலவைக்கல் நினைவுச் சின்னத்தில், ஆசிரியர் ஒருவர் மாணவருக்குக் கற்பிக்கும் காட்சி செதுக்கப்பட்டுள்ளது.

பிள்ளைகளுடன் அங்கு செல்லும் எமது பழைய மாணவர் சங்க உறுப்பினர்கள், உள்ளே நுழையுமுன் கோபுரத்தின் மேற்குப் புறத்துக்குச் சென்று, அடியிலிருந்து மேல்நோக்கிப் பார்க்க வேண்டுகிறேன். 12ஆம் நூற்றாண்டு எங்கே முடிந்து 15ஆம் நூற்றாண்டு எங்கே தொடங்குகிறது என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.