கிணற்றுக்குள் ஆள் இறக்கும் வேலைக்கு ஒப்பந்தம் எழுதுவதென்றால்

கிணறு இறைத்துச் சேறு அள்ளுவது, மலசலகூடக் குழி திறப்பது, மூடிய வடிகானில் அடைப்பு எடுப்பது எல்லாம் யாழ்ப்பாணத்தில் பெரும்பாலும் வாய்ப்பேச்சில் முடிகிற வேலைகள். கோயில், பாடசாலை, சங்கம் என்று எழுத்தில் கொடுக்கிற இடங்களிலும் பாதுகாப்புக்கு ஒரே ஒரு வரிதான் இருக்கும்: "வேலையாட்களின் பாதுகாப்புக்கு ஒப்பந்தகாரரே முழுப்பொறுப்பு." ஆள் செத்த பிறகு வழக்காட அந்த வரி உதவலாம். உள்ளே இறங்குகிறவனுக்கு அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. எதைச் சோதிப்பது, எந்தக் கருவியால், யார், எப்போது, எந்த அளவு வந்தால் வேலையை நிறுத்துவது, செலவு யாருடையது என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும்.

செலவில் இருந்தே தொடங்கலாம், ஏனென்றால் மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. விலைப்பட்டியலில் வாயுப் பரிசோதனை, காற்றோட்டம், மீட்புக் கருவிகள், மருத்துவப் பரிசோதனை ஆகியவற்றுக்குத் தனித்தனி வரி போட்டு விலை கேளுங்கள். "எல்லாம் ரேட்டுக்குள் அடக்கம்" என்று விட்டால், வாயு மீற்றர் வாடகைக்குக் காசு வைத்தவர் விலைக்கேள்வியில் (டெண்டரில்) தோற்பார், வைக்காதவர் வெல்வார். எல்லோருக்கும் ஒரே தொகையை நீங்களே நிர்ணயித்து, போட்டிக்கு வெளியே வைத்துவிடுவது இன்னும் நல்லது. சோதனைச் செலவை வேலையாளின் சம்பளத்தில் கழிக்கக்கூடாது என்பதையும் அதே இடத்தில் எழுதுங்கள்.

அடுத்தது காற்று. நாலு வாயு மீற்றர் ஒன்று கட்டாயம்: ஒட்சிசன், எரியும் வாயு, ஐதரசன் சல்பைட்டு, காபன் மொனொக்சைட்டு. சாதாரண காற்றில் ஒட்சிசன் 20.9 சதவீதம். 19.5க்குக் கீழே போனாலோ 23.5க்கு மேலே போனாலோ இறங்கக்கூடாது. எரியும் வாயு அதன் கீழ் வெடிப்பு எல்லையின் (காற்றில் பற்றக்கூடிய மிகக் குறைந்த அளவின்) 10 சதவீதத்தைத் தொட்டால் வேலை நிற்க வேண்டும். ஐதரசன் சல்பைட்டுக்கு 10 பிபிஎம் (பத்து இலட்சம் பங்கு காற்றில் 10 பங்கு), காபன் மொனொக்சைட்டுக்கு 35 பிபிஎம் என்று நிறுத்தும் அளவை இலக்கத்திலேயே எழுதுங்கள். "ஆபத்தான அளவு" என்று எழுதினால் அது யாருடைய ஆபத்து என்று பிறகு வாதாட வேண்டி வரும்.

மெழுகுதிரியோ அரிக்கேன் லாம்போ கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது இன்னும் நடக்கிறது. ஒட்சிசன் ஏறக்குறைய 16 சதவீதத்துக்கு இறங்கும் வரை சுடர் எரியும், அந்த இடத்தில் மனிதன் ஏற்கெனவே தடுமாறத் தொடங்கியிருப்பான். நச்சு வாயுவைச் சுடர் காட்டாது. குழியில் மெதேன் இருந்தால் சுடரே வெடிக்க வைக்கும். ஆகவே இந்த முறைக்குத் தடை என்று ஒப்பந்தத்தில் பெயர் சொல்லி எழுத வேண்டும். மணத்தை நம்புவதும் இதே கதைதான். ஐதரசன் சல்பைட்டுக்கு அழுகிய முட்டை மணம், ஆனால் அது 100 பிபிஎம் அளவில் மூக்கையே மரக்கச் செய்துவிடும். "இப்ப மணம் குறைஞ்சிட்டுது" என்று ஒருவர் உள்ளிருந்து சொன்னால் அவரை உடனே மேலே எடுக்க வேண்டும்.

அளக்கும் முறையையும் எழுதுங்கள். மெதேன் மேலே நிற்கும், ஐதரசன் சல்பைட்டும் காபனீரொட்சைட்டும் அடியில் தங்கும். அதனால் மேல், நடு, அடி என மூன்று மட்டத்தில் அளக்க வேண்டும். மீற்றரில் குழாய் பூட்டி இறக்கினால், காற்று மேலே வந்து சேரக் குழாயின் ஒவ்வொரு மீற்றர் நீளத்துக்கும் சுமார் 3 செக்கன் பிடிக்கும், பிறகு வாசிப்பு நிலைக்க 2 நிமிடம் விட வேண்டும். இறக்கியவுடன் பார்த்து "சரி" என்று எழுதப்படுவது வெளிக்காற்றின் வாசிப்பு. காலையில் ஒருதரம் அளந்தால் போதாது என்பதைக் கொட்டை எழுத்தில் போடலாம். அசையாமல் கிடக்கும் சேற்றில் வாயு அடைபட்டுக் கிடக்கும், மண்வெட்டி பட்டதும் வெளியே வரும். அதனால் இறங்குபவரின் நெஞ்சுப்பட்டியில் ஒரு மீற்றர் வேலை முடியும் வரை ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மீற்றருக்கும் சோதனை உண்டு. ஒவ்வொரு நாளும் வேலைக்கு முன்னர், அளவு தெரிந்த சோதனை வாயுவைக் காட்டி அலாரம் அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அளவுத்திருத்தம் 6 மாதத்துக்குள் செய்யப்பட்டதாக இருக்கட்டும். சான்றிதழை வாங்கியதும் திகதியை மட்டும் பார்த்து வைத்துவிடாதீர்கள். அதிலுள்ள தொடரிலக்கத்தை மீற்றரின் முதுகிலுள்ள இலக்கத்தோடு ஒப்பிடுங்கள். ஒரு சான்றிதழ் போட்டோக்கொப்பியாகி மூன்று மீற்றருக்கு ஓடுவது இந்தத் தொழிலில் புதினமில்லை. அளவுத்திருத்தத்துக்குக் கொழும்புக்கு அனுப்புவதானால், அந்த நாட்களுக்கு மாற்று மீற்றர் யார் தருவது என்பதும் ஒரு வரி.

இனித் தண்ணீர் இறைக்கும் மோட்டர். மேலே வைத்த பம்ப் ஏறக்குறைய 7 மீற்றர் ஆழத்துக்குக் கீழே இழுக்காது. நீர்மட்டம் கோடையில் இறங்கியதும் மண்ணெண்ணெய் மோட்டரையே கிணற்றுக்குள் இறக்கி வைக்கிறார்கள். ஒடுங்கிய கிணற்றில் அதன் புகையின் காபன் மொனொக்சைட்டு சில நிமிடத்திலேயே ஆளை விழுத்தப் போதும். எஞ்சின் எதுவும் கிணற்று வாய்க்குள் போகக்கூடாது என்று எழுதுங்கள். பதிலுக்கு நீர்மூழ்கி மின்பம்ப், அதற்கு 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிச் (மின்கசிவு வந்தால் தானே விழுந்து மின்சாரத்தை நிறுத்துவது). பொத்தானை அழுத்திப் பார்ப்பது தினமும், கருவி வைத்து விழும் நேரத்தை அளப்பது வேலை தொடங்குமுன் ஒருதரம். முழு 30 மில்லி அம்பியர் கசிவில் அது 300 மில்லி செக்கனுக்குள் விழ வேண்டும். விழுந்தாலும், ஆள் தண்ணீரில் நிற்கும்போது பம்ப் ஓடக்கூடாது. காற்றூதி வைத்தால் அதன் காற்றிழுக்கும் வாய் ஜெனரேட்டர் புகைக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். புகையை உறிஞ்சி உள்ளே ஊதிக்கொடுக்கும் ஏற்பாட்டைக் காற்றோட்டம் என்று சொல்ல முடியாது. ஒட்சிசன் சிலிண்டரைத் திறந்துவிட்டு "காற்றுக் கொடுப்பதும்" தடை, சின்னப் பொறியும் உடுப்பைப் பற்ற வைக்கும்.

முகமூடி பற்றி ஒரு வார்த்தை. என்95 தூசுக்கானது. வடிகட்டி முகமூடி எதுவும் ஒட்சிசன் தராது.

வேலையாளின் உடல்நிலைக்கு வருவோம். வலிப்பு, இருதய நோய், கட்டுப்படாத இரத்த அழுத்தம் அல்லது சீனி வருத்தம், இழுப்பு (ஆஸ்துமா), மூடிய இடப் பயம் உள்ளவர்கள் உள்ளே இறங்கக்கூடாது. மேலே நின்று கயிறு பிடிக்கலாம். வைத்தியர் தர வேண்டியது "இறங்கலாம், இறங்கக்கூடாது, இன்ன கட்டுப்பாட்டோடு இறங்கலாம்" என்ற ஒரு தாள் மட்டும். நோயின் பெயர் ஒப்பந்தகாரருக்கோ உங்களுக்கோ வரத் தேவையில்லை. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு இந்த வேலையில் இடமே இல்லை. தகுதியில்லை என்று வந்தவரை வீட்டுக்கு அனுப்பினால் அடுத்தமுறை எல்லோரும் வருத்தத்தை மறைப்பார்கள், அதனால் அதே நாட்கூலியில் மேல்வேலை கொடுக்க வேண்டும் என்ற வரியும் தேவை. மதுவுக்கு ஊதிப் பார்ப்பதானால் மேற்பார்வையாளரும் ஊத வேண்டும். ஒருவருக்குக் காட்டினால் வாயைக் கொப்பளித்து 15 நிமிடம் கழித்து இரண்டாம் தரம் ஊத விடுங்கள்.

சேற்றுவேலைக்கு ஏற்புவலித் தடுப்பூசி, சப்பாத்து, கையுறை. எலிக்காய்ச்சலை மறக்கக்கூடாது, 2024 டிசம்பரில் வடமராட்சிப் பக்கம் உயிர்களைக் கொண்டுபோனது அதுதான். தடுப்புக்கு வாரம் ஒருமுறை கொடுக்கும் டொக்சிசைக்கிளினை மருத்துவ சுகாதார அதிகாரி பணிமனையில் கேட்டு, அவர்கள் சொன்னபடி எடுக்க வேண்டும். காலில் திறந்த புண் உள்ளவர் அன்று இறங்கக்கூடாது. காய்ச்சல் வந்தால் என்ன வேலை செய்தவர் என்பதை வைத்தியரிடம் சொல்ல ஒரு துண்டு எழுதிக் கொடுத்து விடுங்கள்.

மீட்பு: முக்காலி, கைவிஞ்ச், முழுவுடல் பட்டி. இறங்குபவர் எப்போதும் கயிற்றில் இருக்க வேண்டும், மேலே ஒருவர் வேறு வேலையின்றி நிற்க வேண்டும். விழுந்தவரைத் தூக்க இன்னொருவர் வெறுங்கையோடு குதிப்பதுதான் சாவை இரண்டு, மூன்றாக்குகிறது. மூடிய இடச் சாவுகளில் 60 சதவீதத்துக்கு மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986இல் எச்சரித்தது. முதல்நாள் காலையில் ஒரு மண்மூட்டையைப் பட்டியில் கட்டித் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். விஞ்ச் இறுகிக் கிடப்பதும் பட்டியின் தையல் பிரிந்திருப்பதும் அப்போதுதான் தெரியவரும். 1990 அம்புலன்ஸ் இலக்கத்தோடு, ஒழுங்கைக்கு வழி சொல்லும் இரண்டு வரியும் கிணற்றடியில் எழுதி ஒட்டியிருக்கட்டும்.

காப்புறுதிப் பத்திரத்தில் ஆட்களின் எண்ணிக்கை, திகதி, வேலையின் தன்மை மூன்றையும் பாருங்கள். "கட்டட வேலை" என்று மட்டும் இருந்தால் நிலத்தடி வேலை அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச்சட்டம் இருக்கிறதுதான், ஆனால் ஒப்பந்தகாரரின் கையில் காசில்லாவிட்டால் கட்டளை வந்தும் குடும்பம் அலைய வேண்டி வரும்.

கடைசியாகக் கொடுப்பனவு. நாளாந்த வாசிப்புத் தாள் இல்லாத நாளுக்குப் பாதுகாப்பு வரிகளில் காசில்லை என்று எழுதுங்கள். தாளில் நேரம், மட்டம், நாலு வாசிப்பு, அளந்தவர் கையொப்பம் இருக்க வேண்டும். நாள் முழுக்க மலக்குழியைக் கிளறியும் மணிக்கு மணி 20.9, 0, 0, 0 என்றே தாள் வந்தால், மீற்றர் எங்கே கிடந்தது என்று கேட்டுவிட்டுக் கையெழுத்து வையுங்கள்.