டான்யூப் கரையில் ஆறு நாள், ஒரு கீறலுக்கு 45 யூரோ

வியன்னாவில் சைக்கிளைத் திருப்பிக் கொடுத்து இரண்டு நாள் ஆகிறது. எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதை முதலில் கொட்டிவிடுகிறேன். பின்பக்க மட்கார்டில் நகத்தின் அளவுக்கு ஒரு கீறல். அதைக் காட்டி வாடகைக் கடைக்காரர் எங்கள் முன்பணத்தில் 45 யூரோவைப் பிடித்துக்கொண்டார். பாஸாவில் வண்டியை எடுக்கும்போதே அந்தக் கீறல் இருந்தது. நானும் பார்த்தேன், அக்காவும் பார்த்தாள். "படம் எடுத்து வைத்திருக்கிறீர்களா?" என்று அவர் கேட்டதும் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஆறு நாளில் ஆற்றையும் கோயிலையும் கோட்டையையும் எண்ணூறு படம் எடுத்திருக்கிறேன். மட்கார்டை ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஆகவே வாடகைக்கு எடுப்பவர்கள் முதலில் வண்டியைச் சுற்றி வந்து படம் எடுங்கள். மற்ற தகவல்களை வரிசையாகச் சொல்லத்தான் நினைத்திருக்கிறேன். பார்ப்போம்.

ஜெர்மனியின் எல்லையில் இருக்கும் பாஸாவிலிருந்து ஆஸ்திரியாவின் வியன்னா வரை டான்யூப் ஆற்றோடு சுமார் 320 கிலோமீட்டர். மியூனிக்கில் வேலை பார்க்கும் என் அக்கா இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்த பயணம் இது. எனக்குச் சைக்கிள் என்றால் முதுகில் ஹாரனும் முகத்தில் லாரிப் புகையும்தான் பழக்கம். "கார் வராது, நம்பி வா" என்றாள். வழியெல்லாம் கார் இல்லை என்று சொல்ல முடியாது. ஊர்களுக்குள் கொஞ்ச தூரம் தெருவில் கலக்க வேண்டும். மற்றபடி மணிக்கணக்கில் ஆறு, மரம், நாம், எதிரே வரும் வயதான தம்பதிகள், அவ்வளவுதான்.

இப்படி ஒரு பாதை எப்படி அமைந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்துப்போன செய்தி. இன்ஜின் வருவதற்கு முன்னால் சரக்குப் படகுகளை நீரோட்டத்துக்கு எதிராகக் கரையிலிருந்து குதிரைகள்தான் கயிறு கட்டி இழுத்தன. பாரம் இழுக்கும் குதிரைக்கு மேடு பள்ளம் ஆகாது, நீரை விட்டு விலகவும் கூடாது. அதனால் தண்ணீரை ஒட்டியே சமமாக ஒரு பாதை போட்டார்கள். நீராவிப் படகு வந்ததும் குதிரைக்கு வேலை போனது, பாதை மிஞ்சியது. பல இடங்களில் இன்று நாம் மிதிப்பது அதைத்தான். 320 கிலோமீட்டரில் நான் இறங்கித் தள்ளிய ஏற்றம் ஒன்றே ஒன்று. அதைப் பிறகு சொல்கிறேன்.

பாஸாவில் மூன்று ஆறுகள் கூடுகின்றன. கருத்த இல்ஸ், வெளிறிய இன், நடுவில் டான்யூப். நகராட்சிக் கட்டடத்தின் சுவரில் வெள்ளம் எட்டிய உயரங்களை வருடத்தோடு குறித்திருக்கிறார்கள். 2013 ஜூனில் 12.89 மீட்டர். அதற்கு மேலே இருப்பது 1501ஆம் ஆண்டின் கோடு மட்டும்தான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "நம் அறை எந்த மாடி?" என்று கேட்டேன். "தரைத்தளம், அதுதான் மலிவு" என்றாள் அக்கா.

முதல் நாள் ஷ்லோகனில் ஆறு மலையில் முட்டி, வந்த திசைக்கே ஏறக்குறைய முழுதாகத் திரும்புகிறது. ஒரு கரையில் பாதை அப்படியே நின்றுவிடுகிறது, படகுதான் கதி. இரண்டாம் நாள் லின்ஸ் வரை மழை. எழுத ஒன்றும் இல்லை.

நான் சொன்ன அந்த ஏற்றம் மூன்றாம் நாள் வந்தது. மௌத்ஹவுசன் ஆற்றோரத்தில் அழகான சிற்றூர். மேலே குன்றில் 1938 முதல் 1945 வரை நாஜிகளின் வதைமுகாம் இருந்தது. வண்டியைத் தள்ளிக்கொண்டே ஏறினோம். சுமார் 1,90,000 பேரை இங்கும் இதன் கிளை முகாம்களிலும் அடைத்திருக்கிறார்கள். குறைந்தது 90,000 பேர் இறந்தார்கள். கற்குழியிலிருந்து மேலே வர 186 படிகள். கைதிகள் கருங்கல் பாளங்களை முதுகில் சுமந்து ஏறிய படிகள் இவை. குழியின் விளிம்பில் நின்றபோது கீழே தேங்கிய நீரில் ஒரு வாத்து நீந்திக்கொண்டிருந்தது. அந்தக் கற்குழி வியன்னா மாநகராட்சிக்குச் சொந்தமானது என்றும், முகாம் வருவதற்கு முன்பே அந்நகரத்தின் தெருக்களுக்கு இங்கிருந்துதான் கல் போனது என்றும் தெரிந்துகொண்டேன். நுழைவுக் கட்டணம் இல்லை. இறங்கி வரும்போது நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. கிரைன் வரும்வரை அக்கா எனக்கு நூறு மீட்டர் முன்னாலேயே போய்க்கொண்டிருந்தாள்.

கிரைனில் மலிவான அறைகள் எல்லாம் நிரம்பியிருந்தன. கிடைத்த அறைக்குக் கொடுத்த பணத்தில் மூன்று நாள் சாப்பிட்டிருக்கலாம். ஒரு ராத்திரிக்கு மட்டும் தங்குபவர்கள் என்று தெரிந்ததும் விலை ஏறிவிடுகிறது. சைக்கிளில் போகிறவன் வேறு எத்தனை ராத்திரி தங்குவான்? மனத்தை ஆற்றிக்கொள்ள 1791இல் கட்டிய ஊர் நாடக அரங்கைப் பார்த்தோம். பழைய தானியக் கிடங்குக்குள் இருக்கும் சின்ன அரங்கம். வாடிக்கையாளர்கள் தங்கள் இருக்கையை மடக்கிப் பூட்டிச் சாவியை வீட்டுக்குக் கொண்டுபோவார்களாம். ஓரத்தில் ஒரு கழிப்பறை, உட்கார்ந்தபடியே மேடையைப் பார்க்கலாம். நாடகத்தை ஒரு காட்சிகூடத் தவறவிடக் கூடாது என்று நினைத்த ஊர்!

மெல்க் மடாலயத்தில் டிக்கெட் விலையைப் பார்த்து அக்கா வெளியிலேயே நின்றுவிட்டாள். "வெளியிலிருந்து பார்த்தால் போதாதா? அதுதான் இவ்வளவு பெரிதாக இருக்கிறதே." பாறை மேல் மஞ்சளாக நீண்டு கிடக்கும் அந்தக் கட்டடத்தை யாக்கோப் பிராண்ட்டாவர் 1702இல் தொடங்கினார், 1736இல்தான் வேலை முடிந்தது. நான் கெஞ்சி உள்ளே அழைத்துப்போனேன். நூலகம் அருமை. கோயிலில் தங்கம் திகட்டுகிறது. என் நேர்மையான கருத்து: அக்கா சொன்னதில் பாதி சரி. ஆற்றங்கரையிலிருந்து பார்ப்பதுதான் இதன் சிறந்த காட்சி, அதற்குக் காசு இல்லை.

இனி வாஹாவ் பள்ளத்தாக்கு. மெல்க்கிலிருந்து கிரெம்ஸ் வரை வெறும் 36 கிலோமீட்டர். இதற்கு நாங்கள் ஒதுக்கியது ஒரே ஒரு நாள். இந்தப் பயணத்தில் நாங்கள் செய்த பெரிய முட்டாள்தனம் இதுதான், கீறல் இரண்டாவது. இரு கரையிலும் கல் அடுக்கிக் கட்டிய படிக்கட்டுத் தோட்டங்களில் திராட்சை, கீழே சமவெளியில் ஆப்ரிகாட் மரங்கள். ஜூலை மாதம், பழுத்துக் கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை. ஆஸ்திரியாவில் ஞாயிறன்று மளிகைக் கடை, சூப்பர் மார்க்கெட் எல்லாம் அடைப்பு என்று எட்டு வருடம் பக்கத்து நாட்டில் வாழும் அக்காவுக்குத் தெரியும். சனிக்கிழமை மாலை அது அவள் நினைவுக்கு வரவில்லை. பையில் இருந்தது அரை பாக்கெட் பிஸ்கெட்.

அந்தப் பசியோடு வில்லன்டோர்ஃப் போனோம். 1908இல் ரயில் பாதை வேலை நடந்தபோது இங்கேதான் 'வில்லன்டோர்ஃப் வீனஸ்' என்ற சிறிய கல் பெண்ணுருவம் கிடைத்தது, ஏறக்குறைய 30,000 ஆண்டுப் பழமையானது. இங்கே இருப்பது பெரிதாக்கிய நகல். அசல் வியன்னாவில். கோபம் வந்தது, பாதி பசியால்.

ஸ்பிட்ஸில் ஆற்றைக் கடக்கும் படகைப் பற்றி எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரைக்கு அர்த்தமே இல்லை. படகில் இன்ஜின் இல்லை. கரைக்குக் கரை உயரத்தில் ஒரு இரும்பு வடம். அதில் உருளும் கப்பியிலிருந்து இறங்கும் கயிறு படகைப் பிடித்திருக்கிறது. படகுக்காரர் சுக்கானைத் திருப்பினார். படகு நீரோட்டத்துக்குக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. அவ்வளவுதான், வரும் தண்ணீர் பக்கவாட்டில் தள்ள, படகு தானாக எதிர்க்கரைக்கு நகர ஆரம்பித்தது. மேலே கப்பி கிறீச்சிட்டது, கீழே பலகையில் நீர் உரசியது, வேறு சத்தமில்லை. மூன்று சைக்கிள், ஒரு கார், ஒரு நாய். திரும்பும்போது சுக்கானை மறுபக்கம் சாய்ப்பார். டீசல் செலவே இல்லாத படகுக்கு இவ்வளவு கட்டணமா என்று அக்கா முணுமுணுத்தாள். நான் இரண்டாம் முறை போய்வரத் தயாராக இருந்தேன். பாஸாவுக்கும் வியன்னாவுக்கும் நடுவே இந்த ஆற்றில் அணைகள் வரிசையாக நிற்கின்றன. இங்கேயும் ஒன்று கட்டத் திட்டமிட்டார்கள். ஊர்க்காரர்கள் 1970களிலிருந்து எதிர்த்து நின்று தடுத்தார்கள். அதனால் இந்தப் பகுதியில் ஆறு இன்னும் ஓடுகிறது; மேலே பல இடங்களில் ஏரிபோல் தேங்கி நிற்கிறது.

தென்கரைக்குப் போய்விடுங்கள், இது என் கண்டிப்பான ஆலோசனை. வடகரையில் பெரிய சாலையும் சுற்றுலாக் கூட்டமும். தென்கரையில் பழத்தோட்டம் மட்டும்தான். ஆர்ன்ஸ்டோர்ஃபில் ஒரு வீட்டு வாசலில் மேசை, அதன் மேல் கூடைகளில் ஆப்ரிகாட், ஒரு தராசு, காசு போட ஒரு தகர டப்பா. ஆள் இல்லை. கிலோ விலையை அட்டையில் எழுதியிருந்தார்கள். அக்கா ஒரு கிலோ நிறுத்தாள். எங்களிடம் சில்லறை இல்லை, பத்து யூரோ நோட்டு மட்டும். டப்பாவைக் குலுக்கிப் பார்த்தாள், திறக்க வழியில்லை.

"போட்டுவிடு அக்கா, போகட்டும்."

"எதற்குப் போகட்டும்? மீதிக்கும் பழம் நிறுத்துக்கொள்கிறேன்."

சட்டப்படி வாங்கிய அந்தப் பழங்களை அங்கேயே வேலியோரம் உட்கார்ந்து தின்றோம். வெயிலில் சூடேறிய பழம், விரலால் அழுத்தினாலே கொட்டையிலிருந்து பிளந்துவிடுகிறது. சாறு முழங்கை வரை வழிந்தது, தேனீக்கள் வந்தன. கடையில் வாங்கும் ஆப்ரிகாட்டை இனி நான் தொடமாட்டேன்.

ரோஸாட்ஸிலிருந்து சிறு படகில் டியூர்ன்ஷ்டைன். நீலமும் வெள்ளையுமான கோயில் கோபுரம், மேலே இடிந்த கோட்டை. சிலுவைப் போரிலிருந்து திரும்பிய இங்கிலாந்து மன்னர் ரிச்சர்டை 1192இல் பிடித்து இங்கேதான் அடைத்தார்கள். அவருக்கான மீட்புப் பணத்தில் தனக்கு வந்த பங்கை ஆஸ்திரியக் கோமகன் லியோபோல்ட் வியன்னாவின் மதிலுக்கும் மற்ற கட்டுமானங்களுக்கும் செலவிட்டார். முன்பணத்தைப் பிடித்துக்கொள்வது இந்த ஊரில் பழைய வழக்கம் என்று இப்போது தோன்றுகிறது.

கீழே தெருவில் ஒரு வாசலில் பைன் கிளை தொங்கியது. தோட்டக்காரர்கள் தங்கள் சொந்த ஒயினை விற்கும் கடை இன்று திறந்திருக்கிறது என்று அர்த்தம். எங்களுக்கு வேண்டியது சோறு. கறுப்பு ரொட்டி, மிளகாய்த் தூள் கலந்த பாலாடைக்கட்டிப் பூச்சு, திராட்சைச் சாறு. பிறகு ஆப்ரிகாட் உருண்டை. கொழுக்கட்டை தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மாவு பாலாடைக்கட்டியில் பிசைந்தது, பூரணத்துக்குப் பதில் முழுப்பழம், வெந்ததும் வெண்ணெயில் வறுத்த ரொட்டித் தூளில் புரட்டுகிறார்கள். ஒரு தட்டில் இரண்டு. நான் நாலு சாப்பிட்டேன். அக்கா விலைப்பட்டியலைப் பார்க்காமல் இன்னொரு தட்டு சொன்னது இந்தப் பயணத்திலேயே அந்த ஒரு தடவைதான்.

கடைசி நாள் கிரெம்ஸிலிருந்து வியன்னா வரை 80 கிலோமீட்டருக்கு மேல். கரை மேட்டில் கோடு போட்ட மாதிரி நேர்ப்பாதை, எதிர்க்காற்று. ஸ்வென்டன்டோர்ஃபில் ஒரு அணுமின் நிலையம். கட்டி முடித்த பிறகு 1978இல் மக்களிடம் வாக்கெடுத்தார்கள், மயிரிழையில் வேண்டாம் என்று முடிவானது. ஒருநாள்கூட இயங்காமல் அப்படியே நிற்கிறது. அதன் நிழலில் உட்கார்ந்து கடைசிப் பழங்களைத் தின்றோம். கரையோரக் கிலோமீட்டர் பலகைகள் கடலிலிருந்து எண்ணியவை. பாஸாவில் 2,220க்கு மேல் இருந்த எண் வியன்னாவில் 1,930 பக்கம் வந்திருந்தது. கருங்கடல் இன்னும் அவ்வளவு தூரம்.

இன்று அருங்காட்சியகத்தில் அந்தக் கல் பெண்ணை அசலாகப் பார்த்தோம். 11 சென்டிமீட்டர்தான், உள்ளங்கையில் அடங்கும். கல் வட இத்தாலியிலிருந்து வந்திருக்கலாம் என்று அண்மை ஆய்வு சொல்கிறது. யாரோ அதைச் சுமந்துகொண்டு அத்தனை தூரம் நடந்திருக்கிறார்கள்.

செலவுக் கணக்கை நாள்வாரியாகத் தருவதாக நினைத்திருந்தேன். அது அக்காவின் நோட்டில் இருக்கிறது. 45 யூரோவை "திருட்டு" என்ற தலைப்பில் தனியாக எழுதியிருக்கிறாள்.