18 குழி, 1,365 கிலோமீட்டர்

ஆகஸ்ட்டில் நாங்கள் நாலு பேர் கோல்ஃப் ஆடப் போகிறோம். ஒரே ஒரு ஆட்டம்தான், முடிக்க நாலு நாள்!

ஆஸ்திரேலியாவின் நல்லார்பார் லிங்க்ஸ் என்ற கோல்ஃப் மைதானம், 2009இல் திறந்தது. செடூனா என்ற ஊரில் தொடங்கி கல்கூர்லி என்ற ஊரில் முடிகிறது. 18 குழிகளும் நெடுஞ்சாலையோரமாக, ஊருக்கு ஒன்று, பெட்ரோல் பங்குக்கு ஒன்று என்று 1,365 கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடக்கின்றன.

ஆட்டத்தைவிட வண்டி ஓட்டத்துக்குத்தான் திட்டம் வேண்டியிருக்கிறது. ஓரிடத்தில் 146 கிலோமீட்டருக்கு வளைவே கிடையாது. பொழுது சாய்ந்தால் கங்காரு குறுக்கே பாயும்; அதனால் இருட்டியபின் ஸ்டியரிங்கைத் தொடுவதில்லை. மேற்கு ஆஸ்திரேலிய எல்லையில் சோதனை போட்டு பழம், காய், தேன் எல்லாவற்றையும் பறிமுதல் செய்துவிடுவார்கள். வாழைப்பழத்தை அதற்கு முன்பே தின்று தீர்க்கும் பொறுப்பு என்னுடையது. யூக்ளா என்ற ஊர் வந்ததும் கடிகாரத்தை முக்கால் மணி நேரம் பின்னுக்குத் திருப்பணும். ஒரு மணி நேரம் இல்லை, முக்கால்! அரசாங்கக் கணக்கில் இல்லாத நேரம், ஆனால் அங்கே எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள்.

புல்தரையா? பெரும்பாலும் சரளையும் புதரும்தான். குழியைச் சுற்றிச் செயற்கைப் புல். சரி, பழைய மட்டைகளே போதும்.

காக்கை பந்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுமாம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள், ஆளுக்கு 3 டஜன் பந்து போதுமா?