70-ம் 70-ம் சேர்ந்தால் 49: கார் கண்ணாடியும் கூலிங் ஃபிலிமும்

கூலிங் ஃபிலிம் ஒட்டும் கடையில் இந்தப் பேச்சு கட்டாயம் வரும்: "சார், இது 70 பர்சென்ட் ஃபிலிம். முன்கண்ணாடிக்கு கவர்மென்ட் சொன்ன அளவே 70தான். போலீஸ் ஒண்ணும் பண்ண முடியாது." முதல் வாக்கியம் சரி. இரண்டாவதும் சரி. மூன்றாவதில்தான் கணக்கு உதைக்கிறது.

சட்டம் கேட்கும் 70 ஃபிலிமுடைய அளவு இல்லை. கண்ணாடியும் அதில் ஒட்டியிருப்பதும் சேர்ந்து எவ்வளவு வெளிச்சத்தை உள்ளே விடுகின்றன என்பதுதான் கேள்வி. இதற்கு விஎல்டி என்று பெயர். கம்பெனியிலிருந்து வரும்போதே எந்தக் கண்ணாடியும் நூற்றுக்கு நூறு விடுவதில்லை. லேசான பச்சைச் சாயலோடு வரும் முன்கண்ணாடி பெரும்பாலும் 75-லிருந்து 80-க்குள் நிற்கும். 75 விடும் கண்ணாடியில் 70 விடும் ஃபிலிம் ஒட்டினால் இரண்டையும் பெருக்க வேண்டும்: 0.75 × 0.70, அதாவது 52.5. கண்ணாடியே சரியாக 70-ல் இருந்தால் 49-க்கு இறங்கிவிடும். ஃபிலிம் நோட்டீசில் போடும் எண்ணை 3 மில்லிமீட்டர் தெளிவான கண்ணாடியில் ஒட்டி அளந்து போடுவதும் உண்டு. அப்படிப்பட்ட ஃபிலிமில் விடை கொஞ்சம் கூடி 60 பக்கம் வரலாம். 70 வராது. 78 விடும் முன்கண்ணாடி 70-க்குக் கீழே போகாமல் இருக்க, மேலே ஒட்டுவது தனியாகவே 90 விட வேண்டும். அது கிட்டத்தட்ட பார்வைக்கே தெரியாத ஃபிலிம்.

பக்கக் கண்ணாடிகளுக்கு 50 போதும் என்பதால் அங்கே கொஞ்சம் மூச்சு விடலாம். 78 விடும் கதவுக் கண்ணாடியில் 70 ஃபிலிம் ஒட்டினால் 54.6. தேறிவிடும். "பக்கத்துக்கு 50 ஓகே" என்று 50 ஃபிலிமையே ஒட்டினால் 39. தேறாது. பின்கண்ணாடிக்கும் முன்கண்ணாடியைப் போல 70 வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்த அளவுகள் 1989-ம் வருட மத்திய மோட்டார் வாகன விதிகளில் 100-வது விதியில் இருக்கின்றன. 2012 ஏப்ரல் 27-ல் உச்ச நீதிமன்றம் அவிஷேக் கோயங்கா வழக்கில், கண்ணாடி தயாராகும்போதே அந்த அளவில் இருக்க வேண்டும், பிறகு எந்த அளவு ஃபிலிமையும் வேறு எந்தப் பொருளையும் மேலே ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வருடம் மே 4-லிருந்து அமல். இசட், இசட் பிளஸ் பாதுகாப்பில் இருப்பவர்களுக்கு மட்டும் விலக்கு. அதன் பிறகு 100-வது விதியே திருத்தப்பட்டு, 2021 ஏப்ரலிலிருந்து 'சேஃப்டி கிளாஸ்' என்ற சொல்லோடு 'சேஃப்டி கிளேஸிங்' என்பதும் சேர்ந்தது. உள்பக்கம் பிளாஸ்டிக் படலம் உள்ள கண்ணாடியும் அதில் அடங்கும். ஐஎஸ் 2553 தரத்தின் இரண்டாம் பாகம் இதை விளக்குகிறது. இதை வைத்து 2024 செப்டம்பரில் கேரள உயர் நீதிமன்றம், 70-ம் 50-ம் குறையாத வரை தரச் சான்றுள்ள ஃபிலிம் ஒட்டலாம் என்றது. கடைக்காரர் "சட்டம் மாறிடுச்சு சார்" என்று சொல்வது இதைத்தான்.

விதி மத்திய அரசின் விதி என்பதால் அந்த விளக்கத்தை இங்கேயும் வாதமாக வைக்கலாம். ஆனால் கேரளத் தீர்ப்பு தமிழ்நாட்டைக் கட்டுப்படுத்தாது. வட சென்னை மூலக்கடை சிக்னலில் வண்டியை ஓரம் கட்டச் சொல்லும் எஸ்.ஐ-யிடம் அதை வாசித்துக் காட்டினால் வேலைக்கு ஆகும் என்று நம்ப வேண்டாம். அவர் கையில் இருப்பது 2012 தீர்ப்பு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-வது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், மறுபடி மாட்டினால் 1,500 ரூபாய். அந்த இடத்திலேயே ஃபிலிமைக் கிழிக்கவும் தீர்ப்பில் இடம் உண்டு. எங்கள் கணிப்பு இதுதான்: கருப்பு ஃபிலிம் எந்தக் கண்ணாடியில் இருந்தாலும் செலான் நிச்சயம். கதவுகளில் சான்றிதழோடு 70-க்கு மேற்பட்ட தெளிவான ஃபிலிம் இருந்தால் வாதாட இடம் இருக்கிறது. முன்கண்ணாடியில் ஒட்டினால் வாதாட்டத்துக்கு முன்பே கணக்கில் தோற்றுவிடுவோம்.

ஃபைனை விடுங்கள், ராத்திரிக்கு வருவோம். மணலி பக்கமோ திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலையிலோ இருட்டில் ஓட்டியவர்களுக்கு இது தெரியும். ரோட்டோரமாக கன்டெய்னர் டிரெய்லர் நிற்கும். டெயில் லைட் எரியாது. ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் மேல் சாம்பலும் சேறும் அப்பியிருக்கும். எதிரே வரும் லாரியின் ஹை பீம் கண்ணில் அடித்துவிட்டுப் போகும். அடுத்த நொடியில் அந்த டிரெய்லரின் பின்பக்கம் ஒரு கருப்புக் கட்டமாக மட்டும் தெரியும். அந்தக் கட்டத்துக்கும் பின்னால் இருக்கும் இருட்டுக்கும் உள்ள வித்தியாசமே துளிதான். அந்தத் துளியிலும் மூன்றில் ஒரு பங்கை ஃபிலிம் எடுத்துக்கொள்ளும். 60 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர் போகிறது. அரை நொடி தாமதமாகப் பார்த்தால் 8 மீட்டர் போச்சு. ஒரு டிரெய்லரின் பாதி நீளத்துக்கு மேல் அது.

பகலிலும் இதே சங்கதி வேறு வடிவில் வரும். உச்சி வெயிலிலிருந்து வியாசர்பாடி ஜீவா சுரங்கப்பாதைக்குள் இறங்கும்போது கண் இருட்டுக்குப் பழக சில நொடி ஆகும். நடுவில் ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தால், ஃபிலிம் போட்ட முன்கண்ணாடி வழியாக அவர் தெரிவது இன்னும் தாமதமாகும். பழைய ஃபிலிம் என்றால் சாயம் வெளுத்து ஊதாவாகி, எதிர் வெளிச்சம் பட்டதும் கண்ணாடி முழுக்கப் பால் தெளித்தது போலப் புகை மூட்டும். அளவு குறைந்த ஃபிலிமைவிட இந்தப் புகைதான் மோசம். மீட்டரில் 60 காட்டும், கண்ணுக்கு 30 போலத் தெரியும்.

சரி, வெயிலுக்கு என்ன செய்வது? முதலில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கலாம். ராயபுரத்திலிருந்து எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் காலையில் வடக்கே போனால் கிழக்கு, அதாவது கடல், வலது கைப் பக்கம். சாயங்காலம் தெற்கே திரும்பினால் மேற்கு வலது கைப் பக்கம். ஸ்டியரிங்கும் வலது பக்கம்தான். ஆக, காலையும் மாலையும் வேகுவது டிரைவரின் வலது முழங்கையும் தொடையும். அந்த வெயில் வருவது கதவுக் கண்ணாடி வழியாக.

தோலைக் கருக்கும் புற ஊதாக் கதிர் விஷயத்திலும் இப்படித்தான். முன்கண்ணாடி இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிவிபி என்ற பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டியது. கல் பட்டால் நொறுங்கி விழாமல் சிலந்தி வலை மாதிரி விரிசல் விடுவது அதனால்தான். அந்தத் தாளே புற ஊதாக் கதிரில் பெரும்பகுதியைத் தடுத்துவிடும். கதவுக் கண்ணாடி பெரும்பாலான வண்டிகளில் ஒற்றைக் கண்ணாடி, டெம்பர்ட். அது அவ்வளவு தடுக்காது. காசு செலவழிப்பதாக இருந்தால் கதவில் செலவழிக்கலாம், அதிலும் டிரைவர் பக்கம் முதலில்.

எந்த ஃபிலிம்? சாயம் போட்ட மலிவு ஃபிலிம் வெளிச்சத்தைக் குறைக்கும், சூட்டை அவ்வளவாகக் குறைக்காது. சூரியச் சூட்டில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது. உலோகப் பூச்சு உள்ளது சூட்டைத் திருப்பும், கூடவே ரேடியோ அலையையும் திருப்பும். நானோ செராமிக் என்று விற்பது விலை அதிகம், ஆனால் பார்வைக்குத் தெளிவாக இருந்துகொண்டே அகச்சிவப்பைத் தடுக்கும், சிக்னலில் கை வைக்காது. 70-க்கு மேல் விஎல்டி வேண்டும் என்றால் இது நல்ல வழி.

கடையில் ஒரு சிவப்பு ஹீட் லாம்ப் வைத்து, "கையை வெச்சுப் பாருங்க" என்பார்கள். ஃபிலிம் வைத்ததும் சூடு சட்டென்று அடங்கும். அந்த லாம்ப் விடுவது பெரும்பாலும் அகச்சிவப்பு, அதனால் செராமிக் அதில் ஜெயிக்காமல் என்ன செய்யும். வெயிலில் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் சூடுதான். 'ஐஆர் ரிஜெக்‌ஷன் 97' என்ற எண்ணைத் தள்ளிவிட்டு டிஎஸ்இஆர் எவ்வளவு என்று கேளுங்கள். மொத்த சூரியச் சக்தியில் எவ்வளவு தடுக்கிறது என்பது அது. தெளிவான ஃபிலிமில் அது 40, 50 இருந்தாலே நல்ல சரக்கு. நாள் முழுக்க வெயிலில் நிறுத்திய வண்டியை எந்த ஃபிலிமும் குளிர வைக்காது. ஓடும்போது ஏசி சீக்கிரம் பிடிக்கும், கை எரியாது, அவ்வளவுதான். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்குள் விரிக்கும் வெள்ளி நிற சன் ஷேடு அந்த வேலையை இன்னும் நன்றாகவே செய்யும். கதவில் மாட்டும் வலையும் திரையும் ஓடும் வண்டியில் வேண்டாம். தீர்ப்பில் சொன்ன 'வேறு எந்தப் பொருளிலும்' அவை சேரும்.

ஒட்டும் முன் கண்ணாடியின் மூலையில் பொறித்திருப்பதைப் படியுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை, லேமினேட்டடா டெம்பர்டா, சிலவற்றில் விஎல்டி எண்ணும் இருக்கும். பிறகு கடையில் டின்ட் மீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். கண்ணாடியின் இரண்டு பக்கமும் வைத்து அளக்கும் சின்ன கருவி. வெறும் கண்ணாடியில் ஒரு தடவை, ஃபிலிம் துண்டை வைத்து ஒரு தடவை அளந்து பார்த்துவிட்டு ரோலை வெட்டச் சொல்லுங்கள். மீட்டர் இல்லாத கடையில் எந்தச் சதவீதத்தைச் சொன்னாலும் அது வாய்க்கணக்கு.

வேலை இப்படி நடக்க வேண்டும். ஃபிலிமைக் கண்ணாடியின் வெளிப்பக்கம் விரித்து அளவெடுத்து, வளைவுக்கு ஏற்ப ஹீட் கன்னால் சுருக்குவார்கள். கதவுக்குள் பீடிங் என்ற ரப்பர் பட்டைக்குக் கீழே போகும் அளவுக்கு விட்டு, மேல் விளிம்பில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குறைத்து வெட்ட வேண்டும். விளிம்பு வரை இழுத்தால் கண்ணாடி ஏறி இறங்கும்போது மேல் முனை உரியும். உள்பக்கத்தை பிளேடால் வழித்துத் துடைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, ஃபிலிமின் பசையை மூடியிருக்கும் லைனர் தாளை உரித்து ஒட்டி, ஸ்குவீஜி என்ற ரப்பர் வழிப்பானால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். சோப்புத் தண்ணீர் என்றால் ஒரு லிட்டருக்கு பேபி ஷாம்பு நாலைந்து சொட்டு. கூடினால் பசை பிடிக்காது.

நம்ம வட சென்னைப் பக்கம் கவனிக்க வேண்டியது அந்தத் தண்ணீர். மீஞ்சூர் வட்டாரத்தில் கடல் நீர் நிலத்தடியில் ஏறி வருவது பழைய கதை. திருவொற்றியூர், எண்ணூர் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஸ்பிரேயரில் ஊற்றி ஒட்டினால் தண்ணீர் காய்ந்த பிறகு ஃபிலிமுக்கு அடியில் வெள்ளைப் பொட்டுகள் நின்றுவிடும், எடுக்க முடியாது. கேன் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள், இருபது லிட்டரில் பல வண்டி ஒட்டலாம். ரோட்டோரத்தில் திறந்த வெளியில் ஒட்டுவதும் கூடாது. நிலக்கரித் தூசும் சாம்பலும் பறக்கும் ஊரில் ஒரு லாரி கடந்தாலே போதும், ஃபிலிமுக்குள் மணல் தூவியது போல ஆகிவிடும். தண்ணீர்க் குமிழி இரண்டு மூன்று வாரத்தில் காய்ந்து போகும், தூசிப் பொட்டு போகாது. நாலு நாள் கண்ணாடியை இறக்காதீர்கள், மழைக்காலம் என்றால் ஒரு வாரம். அம்மோனியா கலந்த கிளாஸ் கிளீனரை ஃபிலிம் பக்கம் கொண்டு போகவே வேண்டாம்.

பழைய ஃபிலிமை எடுக்க வேண்டியவர்கள் பின்கண்ணாடியில் பிளேடு வைக்காதீர்கள். அதில் ஓடும் மெல்லிய கோடுகள் கண்ணாடியில் படியும் ஈர மூட்டத்தைப் போக்கும் டிஃபாகர் கம்பிகள், ஒரு கீறல் போதும், அந்தக் கோடு செத்துவிடும். ஃபிலிம் மேல் சோப்புத் தண்ணீர் தாராளமாக அடித்து, அதன் மேலேயே பாலிதீன் தாளை ஒட்டி, வெளியே கருப்பு பாலிதீன் போர்த்தி, ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். பசை இளகியதும் ஒரு மூலையிலிருந்து மெதுவாக இழுத்தால் பசையோடு சேர்ந்து வரும். மிச்சப் பசையை நைலான் ஸ்கிரப்பரால் கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்க்கலாம்.

இத்தனைக்குப் பிறகும் முன்கண்ணாடியில் 90 விஎல்டி ஃபிலிம்தான் வேண்டும் என்பவர்கள் டாஷ்போர்டு முழுக்கத் தடித்த துண்டு விரித்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்கண்ணாடிக்குக் காற்று அடிக்கும் டிஃப்ராஸ்டர் ஓட்டை வழியாக இறங்கும் சோப்புத் தண்ணீர் உள்ளே இருக்கும் ஒயரிங் கனெக்டர்களைக் கெடுத்துவிடும். மிரருக்குப் பின்னால் கேமராவோ மழை சென்சாரோ இருந்தால் அந்த இடத்தை விட்டு வெட்ட வேண்டும். ஃபாஸ்டேக் ஒட்டிய இடத்தையும் அப்படியே. உலோகப் பூச்சு ஃபிலிம் என்றால் டேக் படிக்காமல் நல்லூர் டோலில் பின்னால் ஹாரன் வரிசை கட்டும். வேலைக்கு வசதியாக இருக்கும் என்று டேக்கை உரித்தெடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம் என்பார்கள். விடாதீர்கள். உரித்தால் உள்ளே இருக்கும் ஆன்டெனா அறுந்துபோகும் விதமாகத்தான் அதைச் செய்திருக்கிறார்கள், புது டேக் வாங்க வேண்டியதுதான்.