48 மணி நேரக் கெடு

பகுத்தறிவை முன்னிறுத்திய 18-ஆம் நூற்றாண்டு ஜெர்மன் அறிவொளிக் காலம் என்றாலே எல்லாரும் நேராகத் தத்துவஞானி கான்ட்டிடம் போய்விடுகிறார்கள், அவருக்கு முன்னால் வந்த தத்துவஞானி கிறிஸ்டியன் வோல்ஃபை யாரும் கண்டுகொள்வதில்லை என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம். 1721-இல் ஹாலே பல்கலைக்கழகத்தில் பேசும்போது சீன ஞானி கன்ஃபூசியஸை எடுத்துக்காட்டி, கிறிஸ்தவ வேதத்தின் துணை இல்லாமலே மனிதன் தன் அறிவால் நல்லொழுக்கத்தை அடைய முடியும் என்றார். அங்கிருந்த இறையியலாளர்கள் கொதித்துப்போனார்கள். 1723-இல் பிரஷ்ய அரசர் முதலாம் ஃபிரெட்ரிக் வில்லியம், 48 மணி நேரத்துக்குள் வெளியேறு, இல்லையென்றால் தூக்கு என்று உத்தரவே போட்டுவிட்டார். வோல்ஃப் இன்னொரு ஜெர்மன் நகரமான மார்பர்க் போனார், அங்கேயும் பாடம் நடத்தினார்.

இத்தனைக்கும் அவர் பழைய ஸ்கொலாஸ்டிக் மரபை, அதாவது இடைக்காலக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகங்களின் தத்துவ முறையைத் தூக்கி எறிந்தவர் இல்லை. வரையறை, நிரூபணம், இருப்பது என்றால் என்ன என்று ஆராயும் இருப்பியல் என்று அதன் கட்டுமானத்தை அப்படியே வைத்துக்கொண்டு, தீர்ப்புச் சொல்லும் இடத்தில் மட்டும் பகுத்தறிவை உட்கார வைத்தார். அப்புறம் அதையெல்லாம் லத்தீனோடு நிறுத்தாமல் ஜெர்மனிலும் எழுதினார் பாருங்கள், அந்தத் துணிச்சல்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. 1740-இல் புதிய அரசர் இரண்டாம் ஃபிரெட்ரிக் அவரைத் திரும்ப ஹாலேவுக்கே அழைத்துக்கொண்டார்.