வல்லினம் மிகும் இடம்

பழைய மாணவர் சங்க மலர்க் குழுத் தம்பி தொலைபேசியில் கேட்டது ஒரு பக்கந்தான். "தமிழ்ச் சேர் மறைந்து ஒரு வருடமாகிறது அண்ணை. நீங்கள் அவருடைய செல்லப்பிள்ளை. நல்லதாக நாலு வார்த்தை எழுதித் தாருங்கள்." நாலு வார்த்தை இதோ: என் தமிழ் அவர் போட்ட பிச்சை. மிச்சத்தைப் போடுவதா வெட்டுவதா என்பதைக் குழு பார்த்துக்கொள்ளட்டும்.

விடுதிப் படிப்பு நேரமான பிரெப்புக்குப் பிந்தி வந்தவனைச் சேர் எப்படிப் பார்ப்பார் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அந்தச் சிவப்புப் பேனை, வேட்டியில் ஒட்டிய சோக்குத் தூள். நன்னூலும் வேதாகமமும் ஒரே மேசையில் கிடக்கும். எதை எடுத்தாலும் ஒரே குரல். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த பிறகு வந்த முதல் வகுப்பில் அவர் ஒன்றும் படிப்பிக்கவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் மூச்சுக் காட்டவில்லை. விவாத அணிக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று: "எதிரணி சொல்லாததை மறுக்க வேண்டாம். சொன்னதற்கு மறுமொழி சொல்லும்."

1979, இரண்டாம் தவணை. விடுதியில் இரவுச் செபம் முடிந்து எழும்ப ஆயத்தமானோம். சேர் கையைக் காட்டி இருத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு கொப்பித் தாளை எடுத்து விரித்தார். என் பக்கத்துக் கட்டில்காரன் எழுதியது. அவன் பெயரை எழுதப் போவதில்லை. எங்கள் வகுப்பினருக்குத் தெரியும். மறந்தவர்கள் மறந்தபடியே இருக்கட்டும்.

"லீவுக்கு எங்கள் வீட்டுக்கு வா. கிணற்றடி ஜம்பு காய்த்துக் கொட்டுகிறது. உன்னை காணாமல் எனக்கு நித்திரை வராது."

சேர் அந்த இடத்தில் நிறுத்தினார். "உன்னைக்," என்றார். "இரண்டாம் வேற்றுமை விரிக்குப் பின் வல்லினம் மிகுமா, மிகாதா?"

"மிகும் சேர்," என்று மண்டபமே ஒரே குரலில் சொன்னது. பிறகு சிரித்தோம். நானும் சிரித்தேன். அதன் பிறகுதான் அவர் வேதாகமத்தில் லேவியராகமம் பதினெட்டாம் அதிகாரத்தைத் திறந்தார், ஆணோடு ஆண் சேர்வதை விலக்கும் இடத்தை. சிரிப்பு நின்றுவிட்டது.

தாளில் யாருக்கு என்று பெயர் இல்லை. "உமக்கா?" என்று என்னைக் கேட்டார்.

"எனக்கு ஒன்றும் தெரியாது சேர்."

எனக்குத்தான். என் தலையணைக்கு அடியில் நான் மடித்து வைத்திருந்த தாள் அது. அங்கிருந்துதான் எடுபட்டது, எடுத்தவருக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தே என்னைத் தப்ப விட்டார். செல்லப்பிள்ளை என்று சும்மாவா சொல்கிறார்கள்.

மறுநாள் காலை அவனுடைய தகப்பன் வந்தார். தகரப் பெட்டியைச் சைக்கிள் கரியரில் கட்டக் கயிறு போதவில்லை. அவன் தன் பெல்ட்டைக் கழற்றிக் கொடுத்தான். நான் வாயில் பற்பசை நுரையோடு கிணற்றடியில் நின்று பார்த்தேன்.

1984இல் நான் கனடாவுக்கு வந்துவிட்டேன். மற்றவர்களைப் போலத்தான், அதைப் பற்றி வேறு கட்டுரைகளில் வேண்டிய அளவு அழுதிருக்கிறோம்.

2005இல் சங்கத்தின் இராப்போசனத்துக்குச் சேரை அழைத்திருந்தோம். ஒருபால் திருமணச் சட்டமூலம் ஜூன் 28ஆம் திகதி கனடாப் பொதுச்சபையில் 158க்கு 133 என்று நிறைவேறியிருந்தது. ஜூலை 20இல் சட்டமாயிற்று. அதற்கு முந்திய சனிக்கிழமை எங்கள் விருந்து. அந்தச் சட்டமூலத்தை எதிர்த்துத் தேவாலய வாசலில் வைத்திருந்த மனுவில் நானும் கையெழுத்துப் போட்டிருந்தேன், போதகர் பார்த்துக்கொண்டு நிற்கிறார் என்பதற்காக. சேர் ஆசியுரையில் அதைத் தொட்டார். நாளைக்குப் போதகர்மாரையும் பிடித்துவந்து இந்தக் கலியாணங்களைச் செய்விப்பார்கள் என்றார்.

சட்டம் படித்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, உறுப்பினர் ஒருவரின் மகள், எழும்பினாள். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் போன டிசம்பரிலேயே சொல்லிவிட்டது ஐயா, சட்டமூலத்திலும் அது எழுதியிருக்கிறது, அப்படியிருக்க எந்தப் பயம் என்று கேட்டாள். குரல் நடுங்கியது, கேள்வி நடுங்கவில்லை.

சேர் மெல்லச் சிரித்தார். "பிள்ளை, நான் ஒருவரையும் வெறுக்கவில்லை. வேதம் சொன்னதைச் சொன்னால் இன்றைக்கு எங்களைத்தான் துரத்துகிறார்கள்."

கைதட்டல். நானும் தட்டினேன். ஆனால் அவள் வெறுப்பு என்ற சொல்லை எடுக்கவேயில்லை. சட்டத்தைப் பற்றிக் கேட்டவளுக்கு அவர் தம் மனத்தைப் பற்றி மறுமொழி சொன்னார். அதே விவாத அணியில் நான் அப்படிப் பேசியிருந்தால் அந்தச் சிவப்புப் பேனை என்ன செய்திருக்கும்?

இதே மறுமொழியைப் பிறகு எத்தனையோ இடங்களில் கேட்டுவிட்டேன். 2015இல் ஒன்ராறியோவின் புதிய பாலியல் கல்விப் பாடத்திட்டத்துக்கு எதிராகப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் மறித்தவர்களிடமும் கேட்டேன். நம்மவர் வீட்டு விறாந்தைகளிலும் கேட்டேன். குறை சொன்னால் உடனே துன்புறுத்தப்பட்டவர்களாகிவிடுகிறார்கள். இத்தனைக்கும் நமக்குப் பள்ளிக்கூடங்கள் கட்டித் தந்த மெதடிஸ்த, கொங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து உருவான கனடா ஐக்கிய சபை, ஒருபால் விருப்பம் குருப்பட்டத்துக்குத் தடையில்லை என்று 1988இலேயே தீர்மானித்துவிட்டது. அதே வேதாகமந்தான்.

ஊரில் வேறு நியாயம் சொல்கிறார்கள்: இது மேற்கிலிருந்து வந்த வியாதியாம். மேற்கிலிருந்து வந்தது 'இயற்கைக்கு மாறான' உடலுறவைத் தண்டிக்கும், இலங்கைத் தண்டனைச் சட்டக் கோவையின் 365ஆம் பிரிவு. 1883இல் வெள்ளைக்காரன் எழுதியது. 1995இல், ஆண்களுக்கிடையிலான உறவைத் தண்டித்த 365அ பிரிவைத் திருத்தப் புறப்பட்டவர்கள் அதை நீக்கவில்லை. ஆண்களோடு நிற்காமல் பெண்களுக்கும் பொருந்தும்படி விரித்துவிட்டார்கள். அந்தக் குற்றத்தை நீக்கும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதல்ல என்று 2023 மே மாதம் இலங்கை உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன பிறகும் சட்டம் மாறவில்லை.

இதையெல்லாம் சேருக்கு எழுதியிருக்கலாம். வருடாவருடம் நத்தார் வாழ்த்து மட்டும் அனுப்பினேன், ஒற்றுப் பிழை இல்லாமல். அவர் பதில் எழுதுவார்: "உமது தமிழ் இன்னும் பழுதுபடவில்லை." அந்த ஒரு வரிக்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தேனோ என்னவோ.

2017இல் ஊருக்குப் போனபோது அவனுடைய வீட்டைத் தேடிப் போனேன். வளவில் வேறு யாரோ இருக்கிறார்கள். கிணற்றுக்குக் கம்பிவலை போட்டிருந்தது; ஜம்பு மரத்தைத் தறித்துவிட்டார்களாம். அவன் கொழும்புக்குப் போனான் என்றார் ஒருவர். ஜேர்மனி என்றார் இன்னொருவர்.

விலாசம் கிடைத்தால் அனுப்பலாம் என்று ஒரு கடிதம் தொடங்கி வைத்திருக்கிறேன். "உன்னைக் காணாமல்" என்று எழுதி, க் போட்டேனா என்று திரும்பிப் பார்க்கிறேன். போட்டிருக்கிறேன். அதற்கு மேல் பேனை ஓடுவதில்லை.